நிற்கும் தறியும் ஒலிக்கும் கைப்பேசியும்: வளர்ந்தோர் கவனச் சிக்கலுக்கான உதவிக் கருவிகள் குறித்த ஒரு திறனாய்வு (சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனச் சிக்கல் உடைய வளர்ந்தோர்க்காக இன்று புழங்கும் திட்டமிடல் செயலிகள், தம் பயனரைப் பற்றிச் சில முன்முடிவுகளைக் கொண்டுள்ளன. மணி பார்த்து வாழ்பவர், தனியே வேலை செய்பவர், தவறினால் தண்டனைக்கு உரியவர் என்பன அவற்றுள் தலையாயவை. விசைத்தறி, லாரி, கோழிப்பண்ணை ஆகியவற்றால் இயங்கும் சேலம், நாமக்கல் வட்டாரத்தின் வேலை முறைகளோடும் தமிழ்க் கலைச்சொற்களோடும் ஒப்புநோக்கி இம்முன்முடிவுகளை இக்கட்டுரை திறனாய்வு செய்கிறது.

திறவுச்சொற்கள்: கவனச் சீராக்கம், உதவித் தொழில்நுட்பம், விசைத்தறி, பொழுதுச் சொற்கள், நினைவூட்டும் உழைப்பு, கழிமுகம்.

முன்னுரை

உதவித் தொழில்நுட்பம் என்றதும் நம் மனத்தில் தோன்றுவன மூன்று சக்கர வண்டி, ஊன்றுகோல், செவித்துணைக் கருவி ஆகியனவே. உலக நலவாழ்வு நிறுவனம் 2016இல் வெளியிட்ட முன்னுரிமை உதவிப் பொருள்களின் பட்டியலில் இடம்பெற்ற 50 பொருள்களுள் நேர மேலாண்மைக் கருவிகளும், மருந்துவேளை காட்டும் பெட்டிகளும், கையடக்க மின்னணு உதவியாளர்களும் உண்டு. ஆனால் நம் மாவட்ட அளவிலான முகாம்களில் இவற்றைக் கேட்டு வாங்குவோர் இல்லை. கேட்கலாம் என்று அறிந்தோரும் அரியர். இந்த இடைவெளியைச் சந்தையில் விற்கும் செயலிகள் நிரப்பியுள்ளன. அவற்றைக் கணினித்துறையினர் பயன்பாட்டு நோக்கிலும் மருத்துவத்துறையினர் பலன் நோக்கிலும் ஆராய்கின்றனர். அவற்றை ஒரு பனுவலாக வாசித்து, அவை எவரை விளிக்கின்றன, எம்மொழியில் விளிக்கின்றன என்று கேட்பது தமிழியல் ஆய்வாளரின் பணியாகும்.

பெயரிலேயே தொடங்கும் பழி

இந்நிலைக்குத் தமிழில் வழங்கும் பெயர்கள் பல. ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’ என்பது அவற்றுள் பெருவழக்கு. இத்தொடரின் முதற்சொல் கலைச்சொல்லாக வருமுன்னரே தமிழில் வேறொரு வாழ்வு வாழ்ந்த சொல்லாகும். சேலத்திலிருந்து இராசிபுரம், நாமக்கல் வழியாகக் கரூர் செல்லும் நெடுஞ்சாலையில் விபத்து நேரும்போதெல்லாம் நாளிதழ்ச் செய்தியிலும் காவல்நிலையப் பதிவிலும் ஓட்டுநர்மீது சுமத்தப்படும் குற்றத்தின் பெயர் கவனக்குறைவு. தேர்வில் விடைத்தாள் எண்ணை மாற்றி எழுதிய மாணவனுக்கும், மருந்தை மாற்றிக் கொடுத்த பணியாளருக்கும் இதே சொல்தான். ஆங்கிலப் பெயரிலும் குறை என்னும் பொருள் உண்டெனினும் அது நீதிமன்றச் சொல் அன்று. தமிழ்ப் பெயரோ நோயைக் கூறும் அதே மூச்சில் குற்றத்தையும் கூறிவிடுகிறது. முப்பத்தைந்து வயது லாரி உரிமையாளர் ஒருவரிடம் இப்பெயரை மருத்துவர் கூறினால், தாம் ஏற்கெனவே வீட்டிலும் பட்டறையிலும் கேட்டுச் சலித்த வசவையே மருத்துவச் சீட்டிலும் அவர் காண்பார்.

பெயரில் மற்றொரு பிழையும் உண்டு. குறைவு என்பது அளவைச் சுட்டும். கவனத்தை அளவாகக் காணும் வழக்கம் நம் மரபில் வேரூன்றியது. ஒரே நேரத்தில் பல வினாக்களுக்கு விடையிறுக்கும் கலையை அவதானம் என்றும் கவனகம் என்றும் வழங்கினோம். எட்டு, பத்து, நூறு என எண்ணிட்டே அதன் சிறப்பை உரைத்தோம். செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் நிகழ்த்திய சதாவதானம் இவ்வெண்ணுப் பெருமிதத்தின் உச்சம். ஆனால் இங்குப் பேசப்படும் சிக்கல் அளவைப் பற்றியதன்று. விருப்பமான வேலையில் உணவையும் மறந்து பல மணிநேரம் அமிழ்பவரே, விருப்பமற்ற பத்து நிமிட வேலையைப் பத்து நாள் தள்ளிப்போடுகிறார். கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரத்தில் நிறுத்துவதிலும் விடுவிப்பதிலும்தான் இடர்ப்பாடு. ஆதலின் ‘கவனச் சீராக்கக் குறைபாடு’ என்னும் தொடரை இக்கட்டுரை கையாள்கிறது. (இலங்கைத் தமிழில் அவதானம் என்பது எச்சரிக்கைச் சொல்லாகச் சாலையோரப் பலகைகளிலும் நிற்கிறது. கலைச்சொல்லாக்குவோர் அவ்வழக்கையும் கருதியிருக்கலாம்.)

ஆய்வுக் கட்டுரைகளில் பெருகிவரும் ஒரு பழக்கத்தையும் இவ்விடத்தில் குறிப்பிட வேண்டும். அண்மைக்கால உளவியல் கருத்து எதுவாயினும், அதனை வள்ளுவர் அன்றே கூறிவிட்டார் என்று நிறுவுவது அப்பழக்கம். பொச்சாவாமை (அதிகாரம் 54), மடியின்மை (61) ஆகியவற்றை இதற்கு எளிதில் இழுக்கலாம். இழுத்தால் என்ன கிடைக்கும் என்பதை நேர்மையாகப் பார்ப்போம். மடியின்மை அதிகாரம் காலம் தாழ்த்துதல், மறத்தல், சோம்புதல், உறங்குதல் என்னும் நான்கையும் ஒரே கலத்தில் ஏற்றி, கெடுவோர் விரும்புவது அது என்கிறது. அரசியல் அறம் கூறும் நூலில், ஆள்வோனை நோக்கிய எச்சரிக்கையில், இந்தத் தொகுப்பு பொருத்தமானதே. இன்றைய மருத்துவப் பகுப்போ இந்நான்கையும் பிரித்தறிவதிலிருந்தே தொடங்குகிறது. சோம்பல் இன்றியும் ஒருவர் காலம் தாழ்த்தக்கூடும். அக்கறை மிகுந்தும் மறக்கக்கூடும். குறளை முன்னறிவிப்பாகக் காட்டும் கட்டுரைகள் வள்ளுவருக்கும் நீதி செய்வதில்லை, நோயுற்றோர்க்கும் நீதி செய்வதில்லை. செயலி வடிவமைப்பாளர்கள் குறளைப் படித்திருக்கமாட்டார்கள். ஆயினும் நான்கையும் ஒரே கலத்தில் ஏற்றும் வேலையை அவர்களும் செய்கிறார்கள்.

தறி ஏன் நிற்கிறது?

குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் ஓடும் சாதாரண விசைத்தறியில், ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தறியை நிறுத்திவிடும் முள்கரண்டி போன்றதொரு சிறு உறுப்பு உண்டு. நாடா ஓடுகையில் ஊடை இருக்கிறதா என்று அது தொட்டுப் பார்க்கிறது. இருந்தால் தறி ஓடும், இல்லையேல் நிற்கும். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிவதற்கு இவ்வுறுப்பும் ஒரு காரணம். தொழிலாளியின் கவனம் வேறொரு தறியில் இருந்த வேளையிலும் இத்தறியில் பிழை வளர்வதில்லை.

இதனை உதவிக் கருவி என எவரும் அழைத்ததில்லை. எனினும் அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி இச்சிக்கல் குறித்து வலியுறுத்தி வருவதன் கண்கூடான எடுத்துக்காட்டாக இதனைக் கொள்ளலாம். இவர்களிடம் அறிவுக் குறை இல்லை என்பதும், அறிந்ததைச் செய்ய வேண்டிய இடத்தில் செய்வதில்தான் இடர் என்பதும், ஆகவே உதவி அந்தச் செயற்களத்திலேயே அமைய வேண்டும் என்பதும் அவர் கருத்து. ஊடை அறுந்த இடத்திலேயே, அறுந்த கணத்திலேயே தறி நிற்கிறது. மாலையில் அறிக்கை தருவதில்லை. தொழிலாளி தறியிடம் சென்று நிலவரம் கேட்க வேண்டியதும் இல்லை.

திட்டமிடல் செயலிகளை இதனருகில் வைத்து நோக்கினால் அவற்றின் அடிப்படைக் குறை தெளிவாகும். செயலியைத் திறக்க நினைவு வேண்டும். வேலைகளைப் பட்டியலிட, முன்னுரிமை வகுக்க, பழைய பட்டியலைக் களைய, அனைத்துக்கும் எந்த ஆற்றலில் இடர் உண்டோ அதே ஆற்றல் வேண்டும். ஊன்றுகோலைப் பெறுவதற்கு மாடிப்படி ஏறிவரச் சொல்வதற்கு ஒப்பானது இது.

அடுத்தது தண்டனை. ‘ஹாபிட்டிகா’ என்னும் செயலியில் அன்றாட வேலையைத் தவறவிட்டால் பயனரின் விளையாட்டுப் பாத்திரம் உயிராற்றலை இழக்கிறது. ‘ஃபாரஸ்ட்’ செயலியில் இடையிலே வெளியேறினால் வளர்ந்துகொண்டிருந்த மரம் பட்டுப்போகிறது. ‘டுடூயிஸ்ட்’ தொடர்ந்து முடித்த நாள்களை எண்ணி மதிப்பளிக்கிறது. ஒரு நாள் தவறினால் எண்ணிக்கை அறுபடுகிறது. தொடர்ச்சி இயல்பாக அமைந்தோர்க்கு இவை ஊக்கம் தரலாம். தொடர்ச்சி அறுபடுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்க்கு, இருபத்து மூன்று நாள் உழைப்பு இருபத்து நான்காம் நாளில் சுழியாவது எதைக் கற்பிக்கும்? அவர் செயலியை நீக்குகிறார். சில வாரங்களில் வேறொன்றை நிறுவுகிறார். தறி அறுந்த இடத்தில் நிற்கிறது. முடிச்சிட்டபின் அதே இடத்திலிருந்து ஓடுகிறது. நெய்த துணியை அது பிரித்துப் போடுவதில்லை.

சமையலறையிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். பாலைக் காய்ச்சும் இரட்டைச் சுவர்ப் பால் குக்கர் பதம் வந்ததும் ஊதுகிறது; உள்ளிருப்பது நீராவிச் சூடாதலின் பால் பொங்கி வழிவதுமில்லை, எளிதில் அடிப்பிடிப்பதுமில்லை. சோறும் பருப்பும் வேகும் பிரஷர் குக்கரோ ஊதலை எண்ணிக்கொண்டிருக்கச் சொல்கிறது. ‘எத்தனை விசில் வந்தது?’ என்று அடுத்த அறையில் இருப்பவரைக் கேட்கும் குரல் ஒலிக்காத வீடு தமிழ்நாட்டில் உண்டா? முன்னது நினைவின் சுமையைத் தான் ஏற்றுக்கொண்ட கருவி. பின்னது ஒலியை மட்டும் தந்து எண்ணும் சுமையை நம்மிடமே விட்ட கருவி. கைப்பேசிச் செயலிகளிற் பெரும்பாலானவை இரண்டாம் வகையின.

பொழுதும் மணியும்

எதிர்காலச் செயலை நினைவில் வைத்தலை உளவியலார் இருவகையாகப் பிரிப்பர். ஐன்ஸ்டீன், மக்டேனியல் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வுக்குப்பின் நிலைபெற்றது இப்பகுப்பு. மூன்று மணிக்கு மருந்து உண்ணுதல் நேரம் சார்ந்தது. உணவுக்குப்பின் உண்ணுதல் நிகழ்வு சார்ந்தது. கவனச் சீராக்கக் குறைபாடு உடைய வளர்ந்தோர் முன்னதில் மிகுதியாகத் தவறுகின்றனர் என்றும், பின்னதில் அவ்வளவாகத் தவறுவதில்லை என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நேரம் எவ்வளவு கடந்தது என்று உள்ளிருந்து உணர்வதே அவர்க்கு அரிது. நிகழ்வோ வெளியிலிருந்து வந்து தட்டி எழுப்புகிறது.

கொங்கு வட்டாரத்தின் பொழுதுச் சொற்களை இவ்வொளியில் மீண்டும் வாசிக்கலாம். ‘பொழுது கெளம்ப’, ‘வெயில் தாழ’, ‘பொழுதோட’ என்பன மணியைச் சுட்டாமல் கண்ணெதிரே நிகழும் மாற்றத்தைச் சுட்டுகின்றன. ‘வெயில் தாழ வந்து வாங்கிக்கிறேன்’ என்று சொன்னவர்க்கு நினைவூட்டி வெயிலே. பெருமாள்முருகன் 2000இல் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ போன்ற முயற்சிகளை நாம் மொழி மரபுச் சேமிப்பாகவே மதித்து வருகிறோம். கருவி வடிவமைப்புக்கு அவை மூலவளம் ஆகக்கூடும் என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. நினைவூட்டி அமைக்கப் புகுந்தால் கைப்பேசி முதலிற் கேட்பது மணியும் நிமிடமும். வெயிலை அது கேட்பதில்லை. இடம் சார்ந்த நினைவூட்டல் வசதி சில கருவிகளில் உண்டு. திருச்செங்கோட்டுச் சந்தைக்குள் நுழைந்ததும் ஒலிக்குமாறு அமைக்க இயலும். ஆயினும் அவ்வசதி பல அடுக்குகளுக்கு அடியில் கிடக்கிறது. தேடி அடைவதே ஒரு வேலை.

இதனைக் கொண்டு உழவர் காலம் இயற்கையானது, கடிகாரக் காலம் அந்நியமானது எனப் பாடத் தொடங்குதல் கூடாது. இச்சமவெளி நெடுங்காலமாகவே கடிகாரத்துக்கு உட்பட்டது. முட்டைக் கோழிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணிநேர வெளிச்சம் கிடைக்குமாறு பண்ணைகளில் விளக்குகள் நேரம் வைத்து எரிகின்றன. தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் மண்டல விலையை எதிர்நோக்கியே பண்ணையாளரின் நாள் அமைகிறது. வேறுபாடு இதுதான்: பண்ணையின் கடிகாரம் விளக்கோடு பிணைக்கப்பட்டுள்ளது, மனிதன் மறந்தாலும் விளக்கு எரியும். கைப்பேசியின் கடிகாரம் ஒலியோடு மட்டும் பிணைக்கப்பட்டுள்ளது. ஒலியை நிறுத்தியதும் வேலையும் நின்றுவிடுகிறது.

ஏடுகளின் சுமை

லாரித் தொழில் வெளியாருக்குச் சாலையாகத் தெரிகிறது. அதன் உள்ளிருப்பது தாள். ஒரு வண்டிக்குக் காலாண்டு வரி, ஆண்டுக் காப்பீடு, தேசிய உரிமம், புகைச் சான்று ஆகியன வேண்டும். தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 2018இல் நடைமுறைக்கு வந்த மின்வழிச் சீட்டு, 2021 தொடக்கம் முதல் 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்னும் கணக்கில் செல்லுபடியாகிறது. இவை ஒன்றோடொன்று இசையாத வெவ்வேறு கெடுக்கள். மூன்று வண்டி வைத்திருப்பவர் இவற்றை மும்மடங்காக நினைவிற் கொள்ள வேண்டும். தறிக்கூடம் நடத்துவோர்க்கும் இது விலக்கன்று. சரக்கு மற்றும் சேவை வரிக்கு மாதாந்திர முறையில் கணக்களிப்போர் 20ஆம் நாளைத் தவறவிட்டால் நாளொன்றுக்கு 50 ரூபாயும், செலுத்த வேண்டிய வரி ஏதும் இல்லாவிடினும் 20 ரூபாயும் தாமதக் கட்டணம் ஏறுகிறது. மறதிக்கு விலை குறித்துவைத்த அமைப்பு இது.

இவ்வட்டாரம் இதற்குக் கண்ட தீர்வு மனிதர்களே. வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாயிலில் அமரும் முகவர், வாகனப் பதிவுகளைத் தம் நோட்டில் வைத்து, கெடு நெருங்குமுன் உரிமையாளரைத் தாமே அழைக்கிறார். வரிக் கணக்கெழுதுபவர் மாதத்தின் நடுவில் ஆள் அனுப்பிப் பட்டியல்களை வாங்கிக்கொள்கிறார். ஊழலின் கண்ணிகளாக மட்டும் இவர்களைக் காண்பது பாதிப் பார்வை. திட்டமிடும் ஆற்றலைக் கூலிக்கு விற்பவர்கள் இவர்கள். பயனர் தேடிவராமலேயே இவர்கள் தேடிச் செல்கிறார்கள், பழியுரை கூறுவதில்லை, முன்பு தவறியதை எண்ணி வைப்பதும் இல்லை. நல்ல செயலி ஒன்றிற்கு நாம் எதிர்பார்க்கும் இலக்கணம் இம்முகவரிடம் பெரும்பாலும் அமைந்துள்ளது. விலைதான் தடை. வண்டி உரிமையாளரால் முகவரை வைத்துக்கொள்ள இயலும்; அவ்வண்டியை ஓட்டுபவரால் தம் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகும் நாளைச் சொல்ல ஓர் ஆளை வைத்துக்கொள்ள இயலாது.

பள்ளி விட்டபின்

நாமக்கல், இராசிபுரம் பகுதி விடுதிப் பள்ளிகளைக் கோழிப்பண்ணையோடு ஒப்பிட்டு ‘பிராய்லர் பள்ளி’ என்று வசைபாடுவது வழக்கமாகிவிட்டது. விடியலுக்கு முன் எழுப்புதல், நாள்தோறும் தேர்வு, கண்காணிப்புடன் கூடிய படிப்பு நேரம் என அங்கு ஒவ்வொரு மணியும் வெளியிலிருந்து வகுக்கப்படுகிறது. கல்வியியலார் இதனைக் கண்டிப்பதில் நியாயமுண்டு. நம் பொருளுக்கு இதன் வேறொரு விளைவே முதன்மையானது. தானே நேரம் வகுக்க இயலாத மாணவன் இங்கே வெற்றிபெறக்கூடும். அவனது இடர் மறைந்திருக்கிறது, நீங்கிவிடவில்லை. கல்லூரி விடுதிக்கோ வேலைக்கோ சென்று மணியடிப்போர் இல்லாத நாளில் அனைத்தும் ஒருசேரச் சரிகின்றன. 2013இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பு நோயறி கையேட்டின்படி, வளர்ந்தோர்க்கு இந்நிலையை உறுதிசெய்யப் பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் சில இருந்தமைக்குச் சான்று வேண்டும். 1200க்கு 1100க்கு மேல் எடுத்த மதிப்பெண் பட்டியல் மேசைமேல் இருக்கையில் அச்சான்றை எங்ஙனம் தேடுவது? உயர்ந்த மதிப்பெண்ணே மருத்துவத்திற்குத் தடையாகிறது.

திருச்செங்கோட்டுப் பகுதியில் பிறந்து நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்த பெருமாள்முருகனின் ‘கழிமுகம்’ (2018) இவ்விடத்தில் வாசிக்கத்தக்கது. அசுரர் பெயர் தாங்கிய மாந்தர் உலவும் அந்நாவலில், வெளியூரில் பொறியியல் பயிலும் மகன் விலையுயர்ந்த கைப்பேசி கேட்கிறான்; அரசு ஊழியரான தந்தை குமாரசுரர் அக்கேள்வியால் நிலைகுலைகிறார். நுகர்வுப் பண்பாட்டின் பகடியாக இந்நாவலை வாசிப்பது எளிது. தந்தையின் அச்சத்தை உற்றுநோக்கினால் வேறொன்றும் தெரிகிறது. மகனின் நேரத்தின்மீது இதுவரை பெற்றோருக்கும் பள்ளிக்கும் இருந்த ஆட்சி ஒரு கருவிக்கு இடம்பெயர்வதை அவர் உணர்கிறார். அக்கருவி மகனிடம் என்ன செய்யும் என்று அவரால் கற்பனை செய்ய மட்டுமே இயல்கிறது. அக்கற்பனையே நாவலின் பெரும்பகுதியை இயக்குகிறது. கவனச் சீராக்கத்தில் இடருடைய இளைஞனுக்குக் கைப்பேசி ஒரே வேளையில் சிதறலின் ஊற்றாகவும் உதவிக் கருவியின் இருப்பிடமாகவும் அமைவதை இங்கு நினைக்கலாம். மருந்துக்கடையைக் கள்ளுக்கடைக்குள் வைத்ததுபோன்ற ஏற்பாடு. தனித்த, சிறிய, ஒரு வேலை மட்டும் செய்யும் கருவிகளைப் பற்றி வடிவமைப்பாளர் மீண்டும் எண்ண வேண்டியதற்குக் காரணம் இதுவே. தாள் கிழிக்கும் நாட்காட்டியும் மொய் நோட்டும் அத்தகையன. அவற்றில் பிறிதொன்றும் குறுக்கிடுவதில்லை.

நினைவூட்டுவோர் யார்?

மேற்கூறிய முகவர் கூலி பெறுகிறார். கூலி பெறாமல் இதே பணியைச் செய்வோர் வீட்டுப் பெண்கள். வண்டிச் சாவி எங்கே, தவணை எந்நாள், எவர் வீட்டு விசேடத்திற்கு மொய் செய்ய வேண்டும் என்பனவெல்லாம் மனைவியின் அல்லது தாயின் நினைவில் ஒப்படைக்கப்பட்டுள்ளன. ‘ஏனுங்க, இன்னைக்குத் தவணைங்க’ என்று காலையிற் சொல்லும் குரலை நம்பியே பல ஆண்களின் ஒழுங்கு நிற்கிறது. இக்குரல் இருக்கும்வரை அவ்வாண்கள் தம் சிக்கலை அறிவதில்லை. இதே சிக்கல் பெண்ணுக்கு நேர்ந்தால் அவளுக்கு நினைவூட்டும் குரல் அவ்வீட்டில் இல்லை. சேலை முந்தானையில் முடிச்சிட்டு வைத்துக்கொள்ளும் பழைய உத்தி அவளுடையதாக இருந்ததில் வியப்பில்லை. குடும்பத்தார் அனைவர்க்கும் நினைவூட்டல் பகிரும் செயலிகள் இவ்வேற்றத்தாழ்வைக் களையாமல், அவள் கைப்பேசிக்கு மேலும் ஒரு பட்டியலை அனுப்புகின்றன.

உடனிருப்பு என்னும் உத்தி இன்று வெளிநாடுகளில் காணொளி வழியே விற்கப்படுகிறது. முன்பின் அறியாத ஒருவர் திரையில் தம் வேலையைச் செய்துகொண்டிருக்க, அவர் எதிரே இவர் தம் வேலையைச் செய்கிறார். தறிக்கூடத்திலும் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும் இவ்வுடனிருப்பு இயல்பாகவே கிடைக்கிறது. வீட்டிலிருந்தபடி தனியே கணக்கெழுதுபவர்க்கே அது கிடைப்பதில்லை.

தறிக்கூடத்தைப் பற்றிக் கூறும்போது முன்பணத்தையும் கூறியாக வேண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதிகளில் முன்பணம் பெற்ற தொழிலாளி அக்கடன் தீரும்வரை கூடத்தை விட்டு நீங்க இயலாத நிலை பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருவது. அளவுக்கேற்ற கூலி பெறும் அவரது கைப்பேசியில், எப்போது வேலை நின்றது, எத்தனை முறை கவனம் சிதறியது என்று குறித்துவைக்கும் செயலி ஒன்று இருப்பதாகக் கொள்வோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 வகைகளில் இச்சிக்கல் தனியே பெயர் குறிக்கப்படவில்லை. ஆதலின் இவரிடம் காட்டுவதற்குச் சான்றிதழும் இராது. செயலி எழுதிவைத்த அந்நாட்குறிப்பே இவரது நிலைக்கு உள்ள ஒரே ஆவணமாக அமையும். சேலம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அது இவர்க்குத் துணையாகலாம். தறி உரிமையாளர் கையில் அதுவே கூலிப் பிடித்தத்திற்குக் கணக்காகும். அக்குறிப்பு எங்கே சேமிக்கப்படுகிறது, எவர் திறக்கலாம், அழிக்கும் உரிமை எவருடையது என்னும் மூன்று கேள்விகளுக்கும் இவரால் படிக்க இயன்ற தமிழில் விடை தரும் செயலி எதுவும் இக்கட்டுரைக்காகப் பார்த்தவற்றுள் இல்லை.